தொற்றுநோய்த் துறையில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வேலைக்கு வர நினைக்கும் மாணவர்கள், வேறு துறையிலிருந்து மாறப் பார்ப்பவர்கள், இப்படி ஒருவரை முதன்முறையாக வேலைக்கு எடுக்கப்போகும் ஆய்வகத்தினர் என மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளை ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்ராயமும் கலந்திருக்கும். அதைத் தனியாகப் பிரித்து வைக்க முயலவில்லை.

இது என்ன வேலை?

நோயாளியிடமிருந்து எடுத்த சளியோ ரத்தமோ ஆய்வகத்துக்கு வருகிறது. அதிலிருக்கும் கிருமியின் டிஎன்ஏவை அல்லது ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சீக்வென்சிங் கருவியில் ஏற்றுகிறார்கள். கருவி முழு ஜீனோமையும், அதாவது கிருமியின் மரபு எழுத்துகள் அனைத்தையும், ஒரே மூச்சில் படித்துத் தருவதில்லை. லட்சக்கணக்கான துண்டுகளாகத் தருகிறது. அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு, இது எந்தக் கிருமி, அதில் எந்த வகை, எந்த மருந்துக்கு அடங்காது, ஏற்கெனவே வந்த மாதிரிகளில் எதற்கு நெருங்கிய உறவு என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

கிருமிக்குக் கிருமி கணக்கு மாறும். சார்ஸ்-கோவ்-2 வைரஸின் ஜீனோம் சுமார் 30,000 எழுத்து. காசநோய் பாக்டீரியாவுக்கு 44 லட்சம். மலேரியாவை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணிக்கு 2.3 கோடி, அதிலும் ஏறக்குறைய 80 சதவீதம் ஏ, டி என்ற இரண்டே எழுத்துகள். ஒரே மாதிரி எழுத்துகள் நீளமாக வரும் இடங்களில் எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதனால் வைரஸில் பழகியவர் மலேரியாவுக்குப் போனால் பாதிப் பாடத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

என்ன பட்டம் வேண்டும்?

இந்தப் பெயரில் உள்ள பட்டம்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துறையைக் கட்டியவர்களைப் பாருங்கள். 1965இல் அதுவரை தெரிந்த புரத வரிசைகளைத் திரட்டி வெளியிட்ட மார்கரெட் டேஹாஃப் முனைவர் பட்டம் வாங்கியது குவாண்டம் வேதியியலில். 1990இல் வந்த பிளாஸ்ட் என்ற தேடல் நிரலை இன்றுவரை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதை எழுதிய ஐவரில் ஸ்டீபன் ஆல்ட்ஷுல் கணிதக்காரர், டேவிட் லிப்மன் மருத்துவம் படித்தவர், வெப் மில்லரும் யூஜின் மையர்ஸும் கணினி அறிவியல்காரர்கள். துண்டுகளை ஜீனோமில் பொருத்த உலகமே நம்பியிருக்கும் பிடபிள்யூஏ, மினிமேப்2 நிரல்களை எழுதிய ஹெங் லீ இயற்பியல் மாணவர். வைரஸ்களின் பரிணாம மரத்தை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கும் நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் திட்டத்தை ட்ரெவர் பெட்ஃபோர்டோடு சேர்ந்து தொடங்கிய ரிச்சர்ட் நேஹர்கூட இயற்பியலிலிருந்து வந்தவர்தான்.

இன்று வேலைக்கு எடுக்கும்போது நுண்ணுயிரியல், மூலக்கூறு உயிரியல், உயிர்தொழில்நுட்பம், கணினி அறிவியல், புள்ளியியல், கால்நடை மருத்துவம் என எந்த முதுகலைப் பட்டத்தையும் ஏற்கிறார்கள். அப்புறம் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

உயிரியல் படித்தவர் கோடிங் கற்பது சுலபமா, கோடிங் தெரிந்தவர் உயிரியல் கற்பது சுலபமா?

கோடிங் கற்பதுதான் சுலபம் என்பது என் கருத்து. கணினிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நிரலில் தப்பு இருந்தால் பெரும்பாலும் அது கத்திவிடும். உயிரியல் தப்பு சத்தமே போடாது. அழகான படமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஜீனோமில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இரண்டு மரபணுக் குடும்பங்கள். குட்டித் துண்டுகளை அங்கே பொருத்தினால் ஒரு மரபணுவின் துண்டு இன்னொன்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, இல்லாத மாற்றங்களெல்லாம் இருப்பதாகக் காட்டும். அதனால் அந்தப் பகுதிகளை மறைத்துவிட்டுத்தான் கணக்குப் போடுவது வழக்கம். நன்றாக நிரல் எழுதும் ஒருவர், தரவை வீணாக்குவானேன் என்று அவற்றையும் சேர்த்துக்கொண்டால், நெருங்கிய உறவுள்ள இரண்டு மாதிரிகள் எங்கோ தூரத்து உறவுபோல் ஆகிவிடும். நிரலில் ஒரு பிழைகூட இருக்காது.

மறுபக்கமும் உண்டு. கோப்புக்கு 'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' என்று பெயர் வைத்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் அடித்து ஓட்டும் உயிரியல்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அதே முடிவைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொன்னால் முழிப்பார்கள்.

எந்த மென்பொருள், எந்த மொழி?

லினக்ஸ் கட்டளை வரி கட்டாயம். அதற்குமேல் பைத்தான் அல்லது ஆர், இரண்டில் ஒன்று நன்றாக, இன்னொன்று படித்துப் புரியும் அளவுக்கு. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், மென்பொருள்களை நிறுவ உதவும் கோண்டா, அப்புறம் பகுப்பாய்வின் படிகளைத் தானாக வரிசையாக ஓட்டும் ஸ்னேக்மேக் அல்லது நெக்ஸ்ட்ஃப்ளோ. இவ்வளவு போதும். குறிப்பிட்ட கருவிகள் வரும், போகும். அவற்றின் பெயரை மனப்பாடம் செய்வதால் பெரிய லாபமில்லை.

அதைவிட முக்கியம், கோப்பைத் திறந்து கண்ணால் பார்க்கும் பழக்கம். சீக்வென்சிங் கருவியின் துண்டுகள் வரும் ஃபாஸ்ட்க்யூ கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி. முதல் வரியில் துண்டின் பெயர், இரண்டாவதில் எழுத்துகள், மூன்றாவதில் ஒரு கூட்டல் குறி, நான்காவதில் பொருளே இல்லாததுபோல் தோன்றும் குறிகளின் வரிசை. உண்மையில் அந்த நான்காவது வரியில், ஒவ்வொரு எழுத்தையும் கருவி எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறது என்று பதிவாகியிருக்கும். மதிப்பு 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று தப்பாக இருக்கலாம். 20 என்றால் நூற்றில் ஒன்று. அங்கே ஹாஷ் குறி (#) இருந்தால் மதிப்பு வெறும் 2. கருவி கிட்டத்தட்ட யூகித்திருக்கிறது என்று பொருள். இலுமினா நிறுவனக் கருவிகள் தரும் துண்டுகளின் கடைசிப் பகுதியில் ஹாஷ் குறிகள் வரிசையாக நிற்பதை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு, தரம் குறைந்த முனையை ஏன் வெட்டுகிறோம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

புள்ளியியல் எவ்வளவு தெரிய வேண்டும்?

நிகழ்தகவு, மாதிரி எடுப்பதில் வரும் சாய்வு, பல சோதனைகளை ஒரே நேரத்தில் செய்தால் வரும் சிக்கல். இந்த மூன்றும் ஆழமாக. மற்றதைத் தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம். மூன்றில் நடுவில் உள்ளதுதான் இந்தத் துறையில் அதிகம் காலை வாரிவிடும். ஒரு திரிபு ஒரு நாட்டில் அதிகம் தெரிகிறது என்றால், அங்கே அது அதிகம் பரவியிருக்கலாம். அந்த நாடு அதிகம் சீக்வென்ஸ் செய்திருக்கலாம்.

ஆய்வக அனுபவம் கட்டாயமா?

பைப்பெட் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் மாதிரி எந்த வழியாக வந்தது என்று அடி முதல் நுனி வரை தெரிந்திருக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு இரண்டு உதாரணம்.

கொரோனா ஜீனோமைப் படிக்க, முதலில் அதைச் சுமார் நூறு சிறு பகுதிகளாகப் பிசிஆரில் பெருக்குவது பரவலான முறை. ஒவ்வொரு பகுதியின் இரு முனைகளிலும் பிரைமர் என்ற குட்டி டிஎன்ஏ துண்டு ஒட்ட வேண்டும். பிரைமர் ஒட்டும் இடத்திலேயே வைரஸ் மாறிவிட்டால் அது ஒட்டாது, அந்தப் பகுதி பெருகாது, துண்டுகளும் வராது. அப்போது அந்த இடத்தில் 'தெரியாது' என்பதைக் குறிக்கும் 'என்' எழுத்தைப் போட வேண்டும். சில நிரல்வரிசைகள் அதற்குப் பதிலாக ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் ஒப்பீட்டு ஜீனோமில் உள்ள பழைய எழுத்தை எடுத்து நிரப்பிவிடும். விளைவு, மாறிய வைரஸ் மறுபடி பழையபடி ஆகிவிட்டதுபோல் தரவில் தெரியும். டெல்டா பரவிய காலத்தில் ஸ்பைக் புரதத்தின் 142வது இடத்தில் இந்தக் குழப்பம் நிறைய வந்தது. பாதி மாதிரிகளில் மாற்றம் இருக்கும், பாதியில் இருக்காது. பரிணாமம் என்று நினைத்து உட்கார்ந்து கட்டுரை எழுதலாம். பிரைமர் பட்டியலைப் பார்த்தவருக்கு உடனே விஷயம் புரிந்துவிடும்.

இதே மாதிரித் தோல்வி உதவியும் செய்திருக்கிறது. ஆல்ஃபா திரிபில் ஸ்பைக்கின் 69, 70வது இடங்கள் விடுபட்டிருந்தன. அதனால் மூன்று மரபணுக்களைத் தேடும் ஒரு பிசிஆர் கிட்டில் இரண்டு மட்டும் தெரிந்து, மூன்றாவது தெரியாமல் போனது. சீக்வென்சிங் செய்யாமலேயே ஆல்ஃபாவின் பரவலைக் கணிக்க அந்த விடுபடலே அடையாளமாகிவிட்டது.

இரண்டாவது உதாரணம் கலப்படம். டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்களின் டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும். கிருமி நிறைய உள்ள மாதிரியில் அது கண்ணில் படாது. மூளைத் தண்டுவட நீர்போல ஏறக்குறைய கிருமியே இல்லாத மாதிரியில் அதுதான் முன்னால் வந்து நிற்கும். புதிய கிருமி கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளுவதற்கு முன், வெறும் தண்ணீரை வைத்து அதே முறையில் ஓட்டிய கட்டுப்பாட்டு மாதிரியைப் பாருங்கள். அப்படி ஒன்றை ஓட்டவே இல்லை என்றால் அந்த முடிவை நான் தொடமாட்டேன்.

நோய்ப்பரவலியலாளருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

2011இல் ஜெர்மனியில் ஈ. கோலை ஓ104 பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆரம்பத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. ஜீனோம் தரவு இணையத்தில் பொதுவில் வந்த ஒரே நாளில் உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் அதை அடுக்கிப் பார்த்தார்கள். குடல் சுவரில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை பாக்டீரியா, வைரஸ் வழியாக ஷிகா நச்சு மரபணுவையும் வாங்கிவைத்திருந்தது தெரிந்தது. நோய் ஏன் அவ்வளவு கடுமை என்பதற்கு விடை கிடைத்தது. ஆனால் எந்த உணவிலிருந்து வந்தது என்று ஜீனோம் சொல்லவில்லை. உணவகத்தில் சாப்பிட்டவர்கள் எந்தத் தட்டு வாங்கினார்கள், அந்தத் தட்டில் என்னென்ன போட்டார்கள் என்று சமையல் குறிப்பு வரை போய்க் கேட்டவர்கள்தான் முளைகட்டிய பயிரைப் பிடித்தார்கள். கடைசியில் அது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை வரை போனது.

கிருமியின் கதை எங்களுடையது, மனிதர்களின் கதை அவர்களுடையது. இரண்டும் ஒரே மேஜைக்கு வராவிட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். நேர்காணலில் நான் தேடும் முதல் விஷயம், இந்த மேஜையில் உட்காரத் தெரிந்தவரா என்பதுதான்.

யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று ஜீனோம் சொல்லுமா?

மேலதிகாரிகள், செய்தியாளர்கள், சில சமயம் வழக்கறிஞர்கள் என எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் சொல்லாது. 'இவரிடமிருந்து தொற்றவே இல்லை' என்று அடித்துச் சொல்வதில்தான் ஜீனோமுக்குப் பலம்.

காசநோய்க் கிருமி மிக மெதுவாக மாறும். சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து. இங்கிலாந்தில் நடந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே ஐந்து எழுத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அண்மையில் பரவியிருக்கலாம், பன்னிரண்டுக்கு மேல் போனால் வாய்ப்பில்லை என்ற அளவுகோலைத் தந்தது. இன்றும் அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இதில் 'பரவியிருக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். இருவருக்கும் ஒரே மூன்றாம் நபர் கொடுத்திருந்தாலும் அதே எண்தான் வரும். கிருமி ஆண்டுக்கணக்கில் உடம்பில் அடங்கிக் கிடந்துவிட்டுப் பிறகு எழுந்திருந்தால் கணக்கு இன்னும் குழம்பும்.

கொரோனாவில் வேறு சிக்கல். அது மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்து மாறும். ஆனால் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சில நாட்களிலேயே தாவிவிடும். அதனால் ஒரு வார்டில் பத்துப் பேருக்குத் தொற்றியிருந்தால் பத்து ஜீனோமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கலாம். அம்புக்குறி போட எதுவுமே இருக்காது. பதினோராவது நபரின் ஜீனோம் எட்டு எழுத்து தள்ளி நின்றால், இவருக்கு இந்த வார்டிலிருந்து வரவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அது பெரிய உதவி. செவிலியர் ஒருவர்மேல் வீண்பழி விழாமல் இருக்க இந்த ஒரு வரி போதும்.

சிகிச்சை முடிவு உங்கள் அறிக்கையை வைத்து எடுக்கப்படுமா?

காசநோயில் எடுக்கிறார்கள். ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்காத கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் மாற்றம் ஆர்பிஓபி மரபணுவின் 81 எழுத்து கொண்ட ஒரு சிறு பகுதிக்குள்தான் இருக்கும். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற விரைவுச் சோதனை அந்தப் பகுதியை மட்டும் பார்க்கிறது. எஸ்வாத்தினி நாட்டில் பரவிய ஒரு வகையில் மாற்றம் அதற்கு வெளியே, புரதத்தின் 491வது இடத்தில் இருந்தது. விரைவுச் சோதனை 'எதிர்ப்பு இல்லை' என்றது. கிருமியோ மருந்துக்கு அடங்கவில்லை. முழு ஜீனோமைப் படித்தால் அது மாட்டிக்கொள்ளும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இப்படிப்பட்ட மாற்றங்களின் பட்டியலை வெளியிட்டது. 2023இல் இரண்டாம் பதிப்பு. அதில் ஒவ்வொரு மாற்றமும் ஐந்து தரத்தில் ஒன்றில் இருக்கும். நடுவில் ஒரு தரம் உண்டு: பொருள் நிச்சயமில்லை. நடைமுறையில் உங்களுக்கு வரும் தலைவலி எல்லாம் அங்கிருந்துதான். துண்டுகளில் 30 சதவீதத்தில் மட்டும் மாற்றம் தெரிந்தால் என்ன செய்வது? இரண்டு வகைக் கிருமிகள் ஒரே ஆளுக்குள் இருக்கலாம், எதிர்ப்பு இப்போதுதான் தலைதூக்கலாம், பக்கத்து மாதிரியிலிருந்து கசிந்திருக்கலாம். என் வழக்கம், முதலில் அதே ஓட்டத்தில், அதாவது கருவியில் ஒன்றாக ஏற்றியதில், இருந்த மற்ற மாதிரிகளைப் பார்ப்பது. அங்கே அதே மாற்றம் 100 சதவீதம் உள்ள ஒன்று இருந்தால் மறுபடி டிஎன்ஏ பிரிக்கச் சொல்வேன். இல்லாவிட்டால் விகிதத்தையும் சேர்த்தே அறிக்கையில் எழுதி, மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுவேன். வெறும் 'ஆம்', 'இல்லை' என்று எழுதி அனுப்பினால் மருத்துவருக்கு இந்தச் சந்தேகம் தெரியவே தெரியாது.

தினசரி வேலை எப்படி இருக்கும்?

காலையில் இரவு ஓட்டம் முடிந்ததா என்று பார்ப்பது. முடிந்திருக்காது. ஏன் நின்றது என்று தேடினால் வட்டில் இடமில்லை, அல்லது ஒரு மாதிரியின் பெயரில் யாரோ இடைவெளி விட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்துவிட்டுத் தர அறிக்கைகள், கட்டுப்பாட்டு மாதிரிகள், பிறகு உண்மையான பகுப்பாய்வு. மதியத்துக்கு மேல் கூட்டங்கள். மாதிரி எண்ணும் நோயாளி விவரமும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதில் நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் போகும். அதை யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

எக்செல் பயன்படுத்தலாமா?

பார்க்கலாம், சேமித்து வைக்காதீர்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தது தெரியவந்தது. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். அதற்குமேல் வந்தது உதிர்ந்துவிட்டது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. மனித மரபணுப் பெயர்கள் சிலவற்றை எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே, அந்த மரபணுக்களின் பெயரை மாற்றிய கதையும் அதே ஆண்டுதான். அன்று மென்பொருள் மாறவில்லை, அறிவியல் வளைந்து கொடுத்தது.

முனைவர் பட்டம் இல்லாமல் முடியுமா?

முடியும். பொதுச் சுகாதார ஆய்வகங்களில் அன்றாடப் பகுப்பாய்வு செய்பவர்களில் பலர் முதுகலையோடு வந்தவர்கள். சொந்தமாக ஆராய்ச்சிக் குழு நடத்த, நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் முனைவர் பட்டம் இல்லாமல் கடினம். வேலை பிடிக்குமா என்று தெரியாமலேயே முனைவர் படிப்பில் சேருவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஓர் ஆய்வகத்தில் கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டு, எந்தக் கேள்வி தூங்கவிடாமல் செய்கிறது என்று பார்த்துச் சேரலாம்.

தன்விவரக் குறிப்பில் என்ன போடுவது?

நாற்பது மென்பொருள் பெயரை வரிசையாக அடுக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். 'எந்தக் கிருமி, எத்தனை மாதிரி, என்ன கேள்வி, நீங்கள் செய்த பங்கு, அதனால் என்ன முடிவு மாறியது' என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள். ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர் நடுவில் எங்கோ இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தத் துறையில் முப்பது பேர் சேர்ந்து எழுதுவது சாதாரணம். ஆனால் அதில் உங்கள் வேலை எது என்று சொல்லிவிடுங்கள். நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தின் முகவரி கொடுத்தால் அதில் குறைந்தது ஒரு திட்டமாவது, வேறொருவர் எடுத்து ஓட்டினால் ஓட வேண்டும். நான் ஓட்டிப் பார்ப்பேன்.

ஆய்வகத்தினருக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒருவரை எடுத்து, அவரிடமே சர்வர் பராமரிப்பு, பகுப்பாய்வு, வரைபடம், பிரிண்டர் பழுது எல்லாம் ஒப்படைத்தால் அவர் சீக்கிரம் போய்விடுவார். இரண்டு பேராக எடுங்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க ஆள் வேண்டும்.

நோய் தொற்றும் ஆபத்து உண்டா?

பெரும்பாலும் முதுகுவலிதான். கருவிக்கு வரும்முன் கிருமியைச் செயலிழக்கச் செய்துவிடுவார்கள். களத்துக்குப் போகிறவர்களும் உண்டு. 2015இல் எபோலா காலத்தில் கினிக்குச் சென்ற குழு, கையடக்க நானோபோர் சீக்வென்சிங் கருவிகளைச் சாதாரண விமானப் பயணப் பெட்டிகளில் கொண்டுபோய், மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் முடிவு தந்தது. அங்கே மின்சாரமும் இணையமும்தான் பெரிய எதிரிகள்.

தரவை உடனே வெளியிட வேண்டுமா?

வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் புதிய கொரோனா வைரஸின் ஜீனோம் இணையத்தில் வந்தது. 13ஆம் தேதியே மாடர்னா தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது. யாரும் அதுவரை அந்த வைரஸை அந்த நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கவில்லை, எழுத்துகளே போதுமாக இருந்தன.

ஆனால் வெளியிடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் உள்ள விஞ்ஞானிகள் ஒமிக்ரானை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களுக்குள் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு விமானங்கள் நிறுத்தப்பட்டன. அறிவிப்புக்கு முன்பே நெதர்லாந்தில் எடுத்த மாதிரிகளிலும் அது இருந்தது பிறகுதான் தெரிந்தது. இப்படி நடத்தினால் அடுத்த முறை யார் முந்திக்கொண்டு சொல்வார்கள்?

வெளியிடும்முன் மனித டிஎன்ஏ துண்டுகளை நீக்குவதும், நோயாளி யார் என்று யூகிக்கக்கூடிய விவரங்களைப் பொதுவாக்குவதும் கட்டாயம். சிறிய ஊர், வயது, தேதி மூன்றும் சேர்ந்தால் பெயரே வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துவிடுமா?

நிரல் எழுதும் பகுதியை வேகப்படுத்திவிட்டது, நானும் பயன்படுத்துகிறேன். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு மாற்றம் புரதத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அது அருமையான உதவி. ஒரே ஓர் எழுத்து மாறினால் கிருமி என்ன ஆகும் என்று சொல்வதில் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. அப்புறம், மாதிரிக் குழாய் 14உம் 15உம் இடம் மாறிவிட்டன என்பதை எந்த மாடலும் தானாகக் கண்டுபிடித்து ஆய்வகத்துக்குப் போன் போடாது. பெண் நோயாளியின் மாதிரியில் வந்த மனிதத் துண்டுகளில் ஒய் குரோமோசோம் ஏன் தெரிகிறது என்று யாராவது கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்தே எப்படித் தொடங்குவது?

காசநோயிலிருந்து தொடங்குங்கள். ஜீனோம் சிறியது, 1998இலிருந்து நல்ல ஒப்பீட்டு வரிசை இருக்கிறது, மருந்து எதிர்ப்பு விதிகள் தெளிவு. 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும்.

அமெரிக்காவின் என்சிபிஐ மையம் நடத்தும் எஸ்ஆர்ஏ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திலிருந்து, மருந்துச் சோதனை முடிவும் சேர்த்து வெளியிட்ட ஓர் ஆய்வின் பத்து மாதிரிகளை இறக்குங்கள். தரம் பாருங்கள், எச்37ஆர்வி என்ற காசநோய் ஒப்பீட்டு ஜீனோமில் பொருத்துங்கள், மாற்றங்களைக் கண்டுபிடித்து, எந்த மருந்துக்கு எதிர்ப்பு என்று நீங்களே எழுதுங்கள். பிறகு டிபி-புரொஃபைலர் என்ற இலவசக் கருவியில் அதே மாதிரிகளை ஓட்டி உங்கள் பதிலோடு ஒப்பிடுங்கள். கடைசியாக ஆய்வகச் சோதனை முடிவோடு.

ஒன்றிரண்டில் மூன்றும் ஒத்துப்போகாது. அங்கே நில்லுங்கள். அந்த மாதிரியின் துண்டுகளை, பொருந்திய இடத்தைக் கண்ணால் பார்க்க உதவும் ஐஜிவி நிரலில் திறந்து, அந்த ஓர் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். எத்தனை துண்டுகள் அதை மூடுகின்றன, மாற்றம் இரு திசைத் துண்டுகளிலும் வருகிறதா, துண்டின் ஓரத்தில் மட்டும்தான் வருகிறதா, தர மதிப்பு என்ன என்று எழுதி வையுங்கள். நேர்காணலுக்கு வரும்போது ஒத்துப்போன எட்டையும் விட்டுவிட்டு அந்த இரண்டைப் பற்றிப் பேசுங்கள்.